நான்கு வயதுக்கு ஒரு கணக்கு, இரண்டு வயதுக்கு வேறு கணக்கு

கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவளுக்கு நாலு வயது நிரம்பிவிட்டது, இளையவனுக்கு இரண்டு. அம்மா ஒரு கிடங்கில் மணிக்கூலிக்கு வேலை பார்க்கிறார். மூத்தவளைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழும் முகவரிச் சான்றும் தடுப்பூசி அட்டையும் போதும். வீட்டு வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்துப் பள்ளி நிரம்பிவிட்டாலும் அந்தப் பள்ளி மாவட்டம் வேறொரு பள்ளியிலாவது இடம் கொடுத்தாக வேண்டும். கட்டணமும் கிடையாது.

இளையவன் விஷயம் வேறு. சம்பளச் சீட்டுகள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வேலை என்று முதலாளி எழுதித் தரும் சான்று, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதற்கான ஆதாரம் எல்லாம் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து, உதவி பெறத் தகுதி இருக்கிறது என்று பதிலும் வந்த பிறகு, கூடவே ஒரு வரி வரும்: காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது. அந்தப் பட்டியல் நகர்வதற்குள் பையனுக்கே நாலு வயதாகி அக்காவின் பள்ளிக்குப் போய்விடக்கூடும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் பணம் ஒதுக்குவது ஒரே சட்டமன்றம், ஒரே பட்ஜெட். அந்தப் பணம் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறது என்பதுதான் வித்தியாசம். அமெரிக்க மாநிலங்களில் குழந்தைப் பராமரிப்பு, ப்ரீஸ்கூல் நிதி ஏன் இத்தனை குழப்பமாக இருக்கிறது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான். குழந்தையின் தேவையைவிட, பணம் வரும் வாய்க்கால்தான் பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பள்ளிக் கணக்கும் மிச்சக் கணக்கும்

மாநில அரசுகளுக்கும் மத்திய அரசுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாஷிங்டன் பற்றாக்குறையோடு ஆண்டுக்கணக்கில் ஓடலாம். மாநிலங்கள் அப்படி ஓட முடியாது. வெர்மான்ட் தவிர மற்ற 49 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில், வரவுக்குள் செலவை அடக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இருக்கிறது. ஆகவே பொருளாதாரம் சரிந்து வரி வருமானம் குறையும் ஆண்டில் எதையாவது வெட்டித்தான் தீர வேண்டும். எதை வெட்டுவது?

ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் கை வைப்பது கடினம். தகுதியுள்ளவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், தவிர மாநிலம் ஒரு டாலரைக் குறைத்தால் மத்திய அரசின் பங்கும் சேர்ந்து போய்விடும். கடன் வட்டி, ஓய்வூதியம், சிறைச்சாலை என்று கைவைக்க முடியாத செலவுகள் இன்னும் உண்டு. பள்ளிக் கல்விக்குப் பல மாநிலங்களில் அரசியலமைப்பின் பாதுகாப்பே இருக்கிறது. கலிபோர்னியாவில் 1988-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 98-ஆம் முன்மொழிவு, மாநிலப் பொது நிதியில் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் குறைந்தபட்ச உத்தரவாதமாக ஒதுக்கிவைக்கிறது. இவையெல்லாம் போக எஞ்சியிருப்பதில் உயர்கல்வி, பூங்காக்கள், நீதிமன்றங்கள் ஆகியவற்றோடு குழந்தைப் பராமரிப்பும் போட்டி போட வேண்டும்.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது இயற்கையாக அமைந்த ஒன்றல்ல. கலிபோர்னியாவில் குழந்தைப் பராமரிப்பின் பெரும்பகுதி ஒரு காலத்தில் அந்தப் பள்ளி உத்தரவாதத்துக்கு உள்ளேதான் இருந்தது. 2011-12 பட்ஜெட்டில், அரைநாள் ப்ரீஸ்கூலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெளியே எடுத்தார்கள். 2021 ஜூலையில் நிர்வாகமும் பிரிந்தது. ப்ரீஸ்கூல் கல்வித் துறையிலேயே நின்றது, பராமரிப்புத் திட்டங்கள் சமூக சேவைகள் துறைக்குப் போயின. ஒரே கட்டடத்தில் காலையில் ப்ரீஸ்கூலும் மதியத்துக்கு மேல் பராமரிப்பும் நடத்தும் நிறுவனம் இரண்டு துறைகளுக்கு இரண்டு விதமான கணக்கு காட்ட வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு இந்தப் பிரிவினை தெரியாது. தூங்கி எழுந்தால் அதே பாய், அதே ஆசிரியை.

2021-ல், கிண்டர்கார்டனுக்கு முந்தைய ஆண்டின் பள்ளி வகுப்பான ட்ரான்சிஷனல் கிண்டர்கார்டனை எல்லா நான்கு வயதினருக்கும் விரிவாக்க முடிவு செய்தபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அந்தப் புதிய வகுப்புகளின் செலவு பழைய பள்ளிப் பணத்தைத் தின்றுவிடக் கூடாது என்று 98-ஆம் முன்மொழிவின் குறைந்தபட்ச அளவையே உயர்த்தினார்கள். முழுமையாக நடைமுறைக்கு வரும்போது ஆண்டுக்கு 270 கோடி டாலர் ஆகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். படிப்படியாக வயது வரம்பைத் தளர்த்தி, 2025-26 கல்வியாண்டில் செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது நிரம்பும் எல்லாக் குழந்தைகளுக்கும் கதவு திறந்தது. சொன்ன கால அட்டவணைப்படியே நடந்தது. அதே 2021-ல் தந்த இன்னொரு வாக்குறுதி, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய குழந்தைப் பராமரிப்பு இடங்கள். அது வருமானம் குறைந்த ஆண்டுகளில் தள்ளிப்போடப்பட்டது. இரண்டையும் தந்தது ஒரே அரசு, ஆண்டும் ஒன்றேதான். ஒன்றுக்கு அரசியலமைப்புத் துணை இருந்தது, மற்றதற்கு இல்லை.

சத்தமில்லாமல் வெட்டுவது

பள்ளியை மூடினால் ஊரே திரண்டு வரும். குழந்தைப் பராமரிப்பில் வெட்டு விழுவது வெளியே தெரிவதே இல்லை. இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வழி, புதிதாக யாரையும் சேர்க்காமல் இருப்பது. ஏற்கெனவே உதவி பெறும் குடும்பத்துக்கு எந்த நோட்டீசும் போகாது. பட்டியலில் காத்திருப்பவர் தொடர்ந்து காத்திருப்பார், அவ்வளவுதான். அரிசோனா 2009-ன் தொடக்கத்தில் இப்படித்தான் மானியச் சேர்க்கையை நிறுத்தியது. இரண்டாவது வழி, ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று காப்பகங்களுக்கு அரசு தரும் மானிய விகிதத்தை உயர்த்தாமல் வைப்பது. விலைவாசி ஏற ஏற அந்தத் தொகை தானாகவே தேயும். மூன்றாவது, தகுதிக்கான வருமான வரம்பைக் கொஞ்சம் இறக்குவது. கலிபோர்னியா 2011-12-ல் மாநில இடைநிலை வருமானத்தில், அதாவது வருமான வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தில், 75 சதவீதம் என்றிருந்த வரம்பை 70-ஆக்கியது. காகிதத்தில் ஐந்து புள்ளி. அந்த ஐந்து புள்ளிக்குள் நிற்பது யார் என்றால், சம்பளம் கொஞ்சம் ஏறி மூச்சுவிட ஆரம்பித்த தாய்மார்கள்.

எப்போதாவது வெட்டு வெளிப்படையாகவும் விழும். 2010 அக்டோபரில் அப்போதைய ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர், சட்டமன்றம் நிறைவேற்றிய பட்ஜெட்டிலிருந்து 25.6 கோடி டாலரை ஒரே கோட்டில் அடித்தார். அது கால்வொர்க்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கான பணம். அந்தத் திட்டத்தை இங்கே விளக்க வேண்டும். அரசு உதவித்தொகை வாங்கும் பெற்றோர் வேலை தேடவும் வேலைக்குப் போகவும் முதல் கட்டத்தில் பராமரிப்பு உதவி கிடைக்கும். நிலை கொஞ்சம் சீரானதும் இரண்டாம் கட்டம். உதவித்தொகையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் வருமானம் குறைவாக இருந்தால் மூன்றாம் கட்டம். ஆகவே மூன்றாம் கட்டத்தில் இருந்தவர்கள், அரசு சொன்னபடி வேலைக்குப் போய், உதவித்தொகையை விட்டு வெளியே வந்து, சொந்தக் காலில் நின்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணத்தைத்தான் அடித்தார்கள். நீதிமன்றம் தலையிட்டதால் உடனே அமலாகவில்லை என்றாலும், அந்த நெருக்கடி ஆண்டுகள் முடிந்து கணக்குப் பார்த்தபோது 2008-க்கும் 2013-க்கும் இடையே மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மானிய இடங்கள் காணாமல் போயிருந்தன.

மத்திய அரசிடமிருந்தும் பணம் வருகிறது. 1990-ல் தொடங்கிய குழந்தைப் பராமரிப்புத் தொகுப்பு மானியம் அதில் முக்கியமானது. அத்துடன், 1996-ன் நலத்திட்டச் சீர்திருத்தத்தில் உருவான டானிஃப் என்ற உதவித்தொகை நிதியில் 30 சதவீதம் வரை மாநிலங்கள் இதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த டானிஃப் தொகை அன்று முதல் ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் என்ற அளவிலேயே நிற்கிறது. விலைவாசி ஏறத்தாழ இரு மடங்காகியும் அது நகரவில்லை. ஏழைக் குழந்தைகளுக்கான ப்ரீஸ்கூல் திட்டமாக 1965-ல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட்டின் பணம் வேறு வழியில் போகிறது: மாநில அரசைத் தொடாமல் நேராக உள்ளூர் அமைப்புகளுக்கு. எல்லாம் சேர்ந்தும், மத்திய விதிப்படி மானியத்துக்குத் தகுதியுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது.

இப்படி ஆகியிருக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் களத்துக்கும் பெண்கள் தொழிற்சாலைக்கும் போனபோது, லான்ஹாம் என்ற மத்தியச் சட்டத்தின் பணத்தில் நாடெங்கும் காப்பகங்கள் திறந்தன. போர் முடிந்ததும் 1946-ல் மத்தியப் பணம் நின்றது. கலிபோர்னியாவோ தாய்மார்களின் போராட்டத்துக்கு இணங்கித் தன் சொந்தப் பணத்தில் அவற்றைத் தொடர்ந்தது. இன்றைய கலிபோர்னியா அமைப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1971-ல் நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு குழந்தை மேம்பாட்டுச் சட்டத்தை காங்கிரசின் இரு அவைகளும் நிறைவேற்றின. அதிபர் நிக்சன் அந்த டிசம்பரில் ஒப்புதல் மறுத்து அதைத் தடுத்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோன்றிய இடத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டது.

ஒரு அறையின் கணக்கு

பட்ஜெட் ஆவணத்தில் கோடிகள் வரும்போது மனம் மரத்துப்போகும். ஒரே ஒரு அறைக்குள் போய்ப் பார்ப்போம்.

கலிபோர்னியாவில் அரசு ஒப்பந்தத்தில் நடக்கும் காப்பகத்தில் மூன்று கைக்குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். ப்ரீஸ்கூல் வயதில் எட்டுக் குழந்தைகளுக்கு ஒருவர். அரசு ஒப்பந்தம் இல்லாத, உரிமம் மட்டும் பெற்ற மையங்களில் இது நான்குக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. கைக்குழந்தை அறையில் ஒருவர் டயப்பர் மாற்றும்போது இன்னொரு குழந்தை பாலுக்கு அழும், மூன்றாவது தவழ்ந்து கதவுப் பக்கம் போகும். மூன்றுக்கு ஒன்று என்பதே கையைக் கட்டிப்போட்ட மாதிரிதான்.

இப்போது ஆசிரியைக்கு மணிக்கு 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காப்பகம் நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 21 நாள் திறந்திருக்கிறது. கைக்குழந்தை அறையில் அந்தக் கூலியை மூன்றாகப் பிரித்தால் ஒரு குழந்தைக்கு மாதம் 1,400 டாலர். ப்ரீஸ்கூல் அறையில் எட்டாகப் பிரித்தால் 525 டாலர். இது கூலி மட்டும். வாடகை, சாப்பாடு, காப்பீடு, சோப்பு, இயக்குநரின் சம்பளம், லீவு போட்டவருக்குப் பதில் வருபவர் எதுவும் இதில் சேரவில்லை. 1,400 டாலரில் ஆரம்பிக்கும் விலையைப் பெரும்பாலான இளம் பெற்றோர் கட்ட முடியாது. அதனால் காப்பகங்கள் என்ன செய்கின்றன என்றால், கைக்குழந்தைக்கு உண்மையான செலவைவிடக் குறைவாகவும், நான்கு வயதுக்கு உண்மையான செலவைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் வாங்கி ஈடுகட்டிக்கொள்கின்றன. பெரிய பிள்ளைகளின் கட்டணத்தில்தான் சின்னப் பிள்ளைகளின் அறை ஓடுகிறது.

அந்த நான்கு வயதினர் எல்லாரும் இலவசப் பள்ளி வகுப்புக்குப் போய்விட்டால்? முதலில் ஆட்டம் காண்பது கைக்குழந்தை அறை. ஒரு நல்ல திட்டம் இன்னொரு அறையின் விளக்கை அணைத்துவிடக்கூடும் என்பதைப் பட்ஜெட் போடுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது. ஆசிரியைகளும் போகிறார்கள். ட்ரான்சிஷனல் கிண்டர்கார்டனில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், பள்ளிச் சம்பளம், கோடை விடுமுறை, ஓய்வூதியம். அமெரிக்காவில் குழந்தைப் பராமரிப்புப் பணியாளரின் இடைநிலைக் கூலியோ மணிக்குச் சுமார் 15 டாலர். யார்தான் போகமாட்டார்கள்?

இதைத் தவிர்க்க வழி உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் ப்ரீஸ்கூல் வகுப்புகளில் பாதியாவது பள்ளிக்கு வெளியே உள்ள காப்பகங்களோடும் ஹெட் ஸ்டார்ட் மையங்களோடும் கூட்டாக நடக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நியூ ஜெர்சியில், பள்ளி நிதியில் சமத்துவம் கேட்டுத் தொடர்ந்த ஏபட் வழக்கின் 1998 தீர்ப்புக்குப் பிறகு ஏழை மாவட்டங்களில் வந்த ப்ரீஸ்கூல்களும் தனியார் காப்பகங்களைச் சேர்த்துக்கொண்டன. அங்கே வேலை செய்யும் ஆசிரியைக்குப் பள்ளி ஆசிரியைக்கு இணையான சம்பளம். பள்ளி வாய்க்காலில் வரும் பணத்தைக் காப்பகத்தின் வயலுக்கும் திருப்பிவிட்டால் கைக்குழந்தை அறையும் பிழைக்கும்.

அப்புறம், காப்பகங்களுக்கு அரசு தரும் மானிய விகிதம் எப்படி நிர்ணயமாகிறது என்ற விஷயம். அரசு ஒரு வட்டாரத்தில் காப்பகங்கள் என்ன விலை வாங்குகின்றன என்று கணக்கெடுப்பு எடுக்கும். அந்த விலைகளை வரிசைப்படுத்தி 75-ஆவது சதமானத்தில் மானியத்தை வைத்தால், அங்குள்ள காப்பகங்களில் நான்கில் மூன்று பங்கு மானியக் குடும்பத்துக்கு எட்டும் என்பது கணக்கு. மத்திய அரசு நெடுங்காலமாகப் பரிந்துரைத்த அளவு இது. பல மாநிலங்கள் அதற்குக் கீழேயே நின்றன, அல்லது பழைய கணக்கெடுப்பையே பயன்படுத்தின. கலிபோர்னியா 2022 ஜனவரியில் 75-ஐத் தொட்டபோது பயன்படுத்தியது 2018-ன் விலைகளை.

ஆனால் இதில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. சந்தை விலை என்பது பெற்றோரால் எவ்வளவு கட்ட முடியும் என்பதைத்தான் காட்டும், குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்ள எவ்வளவு ஆகும் என்பதைக் காட்டாது. ஏழை வட்டாரத்தில் பெற்றோரால் குறைவாகத்தான் கட்ட முடியும், ஆகவே விலை குறைவு. விலை குறைவு என்பதால் அரசின் விகிதமும் குறைவு. விகிதம் குறைந்ததால் ஆசிரியையின் கூலியும் குறைவு. உதவி அதிகம் தேவைப்படும் இடத்துக்கே பணம் குறைவாகப் போகிறது. இதை விட்டு, உண்மையான செலவிலிருந்து கணக்கிடும் முறைக்கு நியூ மெக்சிகோ மாறியது. கலிபோர்னியாவும் அந்த மாதிரியை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. வீட்டிலேயே காப்பகம் நடத்தும் சுமார் 40,000 பேருக்காகப் பேசும் தொழிற்சங்கம் 2021-ல் தன் முதல் ஒப்பந்தத்தைப் பெற்றபோது, மேசை மேல் வைத்த முக்கியக் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு விஷயத்தையும் இந்த அறையில் நின்றுதான் புரிந்துகொள்ள முடியும். காத்திருப்போர் பட்டியல் ஒரு பக்கம் நீள, ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பிப் போவதும் நடக்கிறது. மேசை, நாற்காலி, தூங்கும் பாய் எல்லாம் இருக்கும், உரிமம் இருக்கும், ஒப்பந்தம் இருக்கும். அந்தக் கூலிக்கு ஆசிரியை கிடைக்கமாட்டார். ஆசிரியை இல்லாமல் அறையைத் திறக்க முடியாது, அறை திறக்காமல் குழந்தையைச் சேர்க்க முடியாது. ஆண்டு முடிவில் அது 'மீதி' என்று பட்ஜெட்டில் பதிவாகும். மறு ஆண்டு நெருக்கடி வந்தால், போன வருடமே செலவாகவில்லையே என்று முதலில் எடுப்பதும் அந்தப் பணத்தைத்தான். இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டி அறிவிப்பது எளிது, கூலியைக் கூட்டுவது கடினம். கூலியைக் கூட்டாமல் கூட்டிய இடங்கள் பல காகிதத்திலேயே நின்றுவிடுகின்றன.

ஒருமுறைப் பணம், தொடரும் செலவு

கொரோனா காலத்தில் இதுவரை இல்லாத அளவுக்குப் பணம் வந்தது. 2021 மார்ச்சில் நிறைவேறிய அமெரிக்க மீட்புத் திட்டத்தில் காப்பகங்கள் மூடாமல் காப்பாற்ற 2,400 கோடி டாலரும், மானியங்களை விரிவாக்க 1,500 கோடி டாலரும் இருந்தன. 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்கள் அதில் பயனடைந்தன. வாடகை பாக்கியைக் கட்டின, ஆசிரியைகளுக்குப் போனஸ் கொடுத்தன, பெற்றோர் கட்டணத்தைக் குறைத்தன. முதல் தொகைக்கு 2023 செப்டம்பர் 30-உடனும் இரண்டாவது தொகைக்கு 2024 செப்டம்பர் 30-உடனும் கெடு முடிந்தது.

பட்ஜெட் அலுவலகங்களில் ஒருமுறைப் பணத்தையும் தொடர் செலவையும் கண்டிப்பாகப் பிரித்துப் பேசுவார்கள். கூரை போடுவது ஒருமுறைச் செலவு, கூலி உயர்த்துவது தொடர் செலவு. ஒருமுறைப் பணத்தில் கூலியை உயர்த்தினால் பணம் தீர்ந்த பிறகு யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்குச் சில மாநிலங்கள் சொந்தப் பணத்தால் பதில் சொன்னன. மாசசூசெட்ஸ் காப்பகங்களுக்கு நேரடியாகத் தரும் மாதாந்திர உதவியை விடாமல் தொடர்ந்தது. 2022-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய, பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கான 4 சதவீதக் கூடுதல் வரி அதற்குக் கைகொடுத்தது. மின்னசோட்டா கூலிக்கென்றே தனி உதவித் திட்டம் போட்டது. பல மாநிலங்கள் எதுவும் செய்யவில்லை.

தனி உண்டியல்கள்

மிச்சக் கணக்கில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தனி வருமானத்தைத் தேடிப்போன மாநிலங்களும் உண்டு. கலிபோர்னியாவின் 10-ஆம் முன்மொழிவு 1998-ல் சிகரெட் பாக்கெட்டுக்கு 50 சென்ட் வரி போட்டு, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென ஒதுக்கியது. மக்கள் புகைபிடிப்பதை விட விட அந்தப் பணமும் வற்றி வருகிறது. அரிசோனாவும் 2006-ல் இதே போன்ற புகையிலை வரியைப் போட்டது. நெருக்கடியில் சட்டமன்றம் 2010-ல் அந்த நிதியைப் பொதுக் கணக்குக்கு இழுக்கப் பார்த்தபோது வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். தனி நிதி என்பதாலேயே அதற்கு அந்தக் காவல் கிடைத்தது.

ஜார்ஜியா லாட்டரிப் பணத்தில் 1993-ல் ப்ரீ-கே என்ற ப்ரீஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, 1995-ல் எல்லா நான்கு வயதினருக்கும் திறந்தது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். ஆனால் அந்த லாட்டரியில் கல்லூரி உதவித்தொகைக்கும் பங்கு இருக்கிறது, ஆகவே அங்கேயும் போட்டி ஓயவில்லை. ஓக்லஹோமா 1998-ல் வேறு மாதிரி செய்தது. நான்கு வயதினரைப் பள்ளி நிதிச் சூத்திரத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. ஒரு குழந்தை சேர்ந்தால் அதற்குரிய தொகை தானாகவே மாவட்டத்துக்குப் போகும். உறுதி என்ற அளவில் எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கையேந்த வேண்டியதில்லை.

மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இப்படி ஒரு உறுதி கொடுக்க முடியுமா என்பதில் இரண்டு மாநிலங்களைக் கவனிக்க வேண்டும். வெர்மான்ட் 2023-ல் ஆளுநரின் மறுப்பைத் தாண்டி 76-ஆம் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 ஜூலை முதல் சம்பளப் பட்டியலின் மேல் 0.44 சதவீத வரி. முதலாளிதான் கட்ட வேண்டும், அதில் கால் பங்கு வரை ஊழியரிடம் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் காப்பகங்களுக்கான விகிதம் உயர்ந்தது, மானியத்துக்கான வருமான வரம்பு வறுமைக்கோட்டின் 575 சதவீதம் வரை போனது. நடுத்தரக் குடும்பங்களும் உள்ளே வந்துவிட்டன. வரியும் மக்களுக்குத் தெரியும், பயனும் தெரியும்.

நியூ மெக்சிகோவின் கதை இன்னும் ஆச்சரியமானது. குழந்தை வறுமை மிக அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்றாக நெடுங்காலமாக இருந்துவரும் மாநிலம் அது. 2019-ல் பராமரிப்பு, ப்ரீஸ்கூல், வீட்டுக்கு வந்து தாயைப் பார்க்கும் திட்டம் எல்லாவற்றையும் ஒரே துறைக்குள் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. 2020-ல் 30 கோடி டாலரில் ஒரு சிறார் அறக்கட்டளை நிதியைத் தொடங்கியது. எண்ணெய், எரிவாயு வருமானம் பெருகப் பெருக அது நூற்றுக்கணக்கான கோடிகளாக வளர்ந்தது. 2022 நவம்பரில் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வாக்காளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள். மாநிலத்துக்குக் கொடையாக வந்த நிலங்களின் வருமானத்தைச் சேர்த்துவைக்கும் நிலக்கொடை நிரந்தர நிதியிலிருந்து ஆண்டுக்கு இன்னும் 1.25 சதவீதம் எடுத்து, அதில் 60 சதவீதத்தைச் சிறு குழந்தைகளுக்கும் மீதியைப் பள்ளிகளுக்கும் கொடுப்பது என்பது அந்தத் திருத்தம். 2025 நவம்பர் 1 முதல், வருமானம் எதுவானாலும் எல்லாக் குடும்பங்களுக்கும் பராமரிப்பு இலவசம் என்று அறிவித்தது. எண்ணெய் விலை இறங்கினால் என்னவாகும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனால் வருடாவருடம் எண்ணெய் வருமானத்தைச் செலவழிக்காமல் முதலில் நிதியாகச் சேர்த்து, அந்த நிதியின் வரவிலிருந்து எடுப்பதாக அமைத்திருப்பதால், ஓரிரு மோசமான ஆண்டுகளைத் தாங்கும்.

ஜனவரியிலிருந்து ஜூன் வரை

கலிபோர்னியா பட்ஜெட்டைப் பின்தொடர விரும்புபவர் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம். ஜனவரி 10-க்குள் ஆளுநரின் முன்மொழிவு. மே மாதம் 14-க்குள் திருத்தம், அதற்குள் ஏப்ரல் வரி வசூல் தெரிந்திருக்கும். ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும், தவறினால் உறுப்பினர்களின் சம்பளம் நிற்கும். இந்த மாநிலத்தின் வருமானம் பெரும் பணக்காரர்களின் பங்குச்சந்தை லாபத்தை நம்பியிருப்பதால், ஜனவரியில் சிரித்த கணக்கு மே மாதத்தில் அழுவது புதிதல்ல. ஜனவரியில் அறிவித்த புதிய இடங்கள் மே திருத்தத்தில் 'தாமதம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நகர்ந்துபோவதை அங்கேதான் பார்க்கலாம்.

அப்படிப் படிக்கும்போது மொத்தத் தொகையைவிட சில சின்ன வரிகள் அதிகம் சொல்லும். எந்த ஆண்டின் சந்தை விலையில் விகிதம் வைத்திருக்கிறார்கள்? குழந்தை பதிவாகியிருந்தாலே பணம் தருகிறார்களா, வருகை தந்த நாளுக்கு மட்டும் தருகிறார்களா? இது சின்ன விஷயமில்லை. காய்ச்சலில் இரண்டு குழந்தைகள் ஒரு வாரம் வராவிட்டாலும் ஆசிரியைக்குச் சம்பளம் உண்டு, விளக்கு எரியும், வாடகை ஓடும். பதிவை வைத்துப் பணம் தந்தால்தான் ஒரு சிறு காப்பகம் மாதத்தைத் தள்ள முடியும். பெற்றோர் பங்கு எவ்வளவு? கலிபோர்னியா 2023 அக்டோபரில் அதை வருமானத்தின் 1 சதவீதத்துக்குள் அடக்கியது, மாநில இடைநிலை வருமானத்தில் 75 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுவதும் எடுத்துவிட்டது. பராமரிப்புக் கணக்கில் அந்த ஆண்டுகளில் நிஜமாகவே நடந்த நல்ல காரியங்களில் ஒன்று இது. ஆனால் அது உள்ளே இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும். பட்டியலில் நிற்பவர் வெளியே முழு விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறார், அல்லது வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்.

அந்தக் கிடங்கில் வேலை பார்க்கும் அம்மாவிடம் திரும்பி வருவோம். மூத்தவளின் வகுப்பு மதியத்துக்குப் பிறகு முடிந்துவிடும். அம்மாவின் வேலை மாலை ஆறு மணி வரை. பள்ளிக்குப் பிந்தைய நேரத்துக்கும் பள்ளிக் கணக்கிலேயே ஒரு தனித் திட்டம் இருப்பதால் ஒன்பது மணி நேரம் வரை அவளைப் பார்த்துக்கொள்ள வழி உண்டு. இளையவனுக்கு இன்னும் கடிதம் வரவில்லை. இப்போதைக்கு அவனைப் பார்த்துக்கொள்வது பாட்டி. அவருக்கு முழங்கால் வலி.